கஸ்தூரி அனுப்பிய பஸ் காசு

லஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். அடையாறு போகிற பஸ் சிக்னலைத் தாண்டி வருவது தெரிந்தது. கைப்பையை இடுக்கிக்கொண்டு ஏறத் தயாரானபோது போன் அடித்தது. கஸ்தூரியின் எண். கிளம்பினேனா இல்லையா என்று அதட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே, "வந்துண்டே இருக்கேன், பஸ் வந்தாச்சு" என்றேன். பேசியது அவள் இல்லை, அவள் கணவர் ஏழுமலை. "மேடம், கஸ்தூரி போய்ட்டா" என்றார். எங்கே என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. "காப்பி போட்டுட்டு எழுப்புனேன். எந்திரிக்கல" என்றார். பஸ் வந்து நின்றது. நான் ஏறாததைப் பார்த்துவிட்டு டிரைவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் போகச் சொன்ன இடத்தைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். முந்தின நாள் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. அவளிடமிருந்து எனக்கு வந்த கடைசி வேலை அது என்பதால் அப்படியே எழுதுகிறேன். "மேடம், அடையாறு பாலத்தாண்ட ஆத்தோரமா எறங்கிப் போற வழி ஒண்ணு கீது. உள்ள போனா, சுவரு முடியற எடத்துல அடிபம்பு ஒண்ணு இருந்திச்சு. இப்ப கீதா இல்லியான்னு பாரு. அங்க நின்னு பாத்தா பாலம் எப்டித் தெரியுதுன்னு எழுது. பெருசா வேணாம், ஒரு பக்கம் போதும். பஸ் காசு அனுப்சிகீறேன்." பார்ட்டி யார் என்று கேட்டு எழுதினேன். எங்கள் தொழிலில் வாடிக்கையாளருக்குப் பார்ட்டி என்றுதான் பெயர். "அப்பறம் சொல்றேன், மொதல்ல போய்ப் பாரு" என்று பதில் வந்தது.

இதைப் படிக்கப்போகிற உங்களில் பெரும்பாலோர் கஸ்தூரிக்கு எழுதியவர்கள். அவளைத் தெரியாதவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு துணிக்கடையின் வலைத்தளத்தில் 'எங்களைப் பற்றி' என்று போட்டு நாலு பத்தி இருக்கும். பல் ஆஸ்பத்திரி, நகைக்கடை, கல்யாண மண்டபம், எல்லாவற்றுக்கும் இருக்கும். அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார். அவர் பெயர் எங்கேயும் இருக்காது. அப்படி எழுதுகிறவர்களைத் தேடிப் பிடித்து, வேலை கொடுத்து, கூலி கொடுத்துக்கொண்டிருந்தவள் கஸ்தூரி. மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய தெருவில் ஏழுமலைக்கு ஜெராக்ஸ் கடை. கடைக்கு மேலே, குனிந்துதான் நிற்க முடியும் என்கிற உயரத்தில் ஒரு பரண் மாதிரியான அறை. அதுதான் அவள் ஆபீஸ். முதல் முறை வருகிறவர்களிடம், "கீழ காப்பி, மேல ஒரிஜினலு. தலைய இடிச்சிக்காம வா" என்பாள். ஏழுமலை கீழேயிருந்து அலுத்துக்கொள்வார்.

அவளுடைய வழக்கம் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. வேலை கொடுக்கும்போதே பஸ் காசு கொடுத்துவிடுவாள். எந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டுமோ அங்கே போய் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டும். அதன் பிறகுதான் எழுதலாம். போகாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதினால் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டாள். நான் சேர்ந்த புதிதில், பெண்களுக்குத்தான் டவுன் பஸ் இலவசமாகிவிட்டதே, எனக்கு எதற்குப் பஸ் காசு என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பஸ்ஸு ஃப்ரீ. உன் காலு ஃப்ரீயா?" என்றாள். காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். மேடம் என்றும் கூப்பிடுவாள், நீ, வா, போ என்றும் பேசுவாள். என் மயிலாப்பூர் வீட்டுப் பேச்சு அவளுக்குப் பெரிய வேடிக்கை. நான் "பார்த்துண்டு வரேன்" என்றால் "பாத்துக்கினு வரேன்னு சொல்லு, சீக்கிரம் வந்துடுவ" என்பாள். எழுதுகிறவர்களுக்கு அவள் வைத்திருந்த பெயர்கள் உங்களுக்குத் தெரியும். முதலில் எதைப் பற்றி எழுதினோமோ அதுதான் நம் பெயர். நான் பல்லு மேடம். வங்கியில் ரிட்டையரான ஒருவர் லிஃப்ட் சார். பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு எழுத வந்த தம்பி ஒருவன் பட்டு. இவர்கள் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் யாரையும் பார்த்ததில்லை. எல்லோரும் தனித்தனியாக அந்தப் பரணுக்கு ஏறி இறங்கினோம்.

லிஃப்ட் சாரைப் பற்றி அவளே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அவர் ஆரம்பத்தில் கூலி வேண்டாம் என்றாராம். பொழுது போவதற்காக எழுதுகிறேன், காசு எதற்கு என்றாராம். "சார், உங்களுக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது. நீங்க சும்மா எழுதிக் குடுத்தீங்கன்னா, கடைக்காரரு நாளைக்கு எங்க எல்லாரையும் சும்மா கேப்பாரு. சோத்துல கை வெக்காதீங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். மனிதர் ஒரு வாரம் கடைப் பக்கமே வரவில்லையாம். அப்புறம் வந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டாராம். கூலி விஷயத்தில் அவள் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. எழுதிக் கொடுத்த அன்றே மீதிக் காசு வந்துவிடும். பார்ட்டி கொடுத்தாரா என்று கேட்டால் கோபம் வரும். "அவரு குடுக்கலன்னா அது எனக்கும் அவருக்கும் சண்டை. உனக்கு இன்னா அதுல?" என்பாள்.

பிறகு காலம் மாறியது. நாம் எல்லோரும் பட்டதுதான். பட்டுச்சேலைக் கடை அண்ணாச்சி ஒருவர், கஸ்தூரிக்குப் பல வருஷப் பழக்கம், நான் கூட இருக்கும்போதே அவளிடம் போனை நீட்டிக் காட்டினார். "பாருங்கம்மா, கடை பேரைச் சொன்னேன், மிஷினே எளுதித் தந்துட்டுது. ஒரு பைசா கெடையாது" என்றார். அவள் வாங்கிப் படித்தாள். "நல்லாத்தான் எழுதிகீது. ஆனா அண்ணாச்சி, இது உங்க கடைக்கு வந்திச்சா?" என்று கேட்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்துக் கொடுத்தார். மரியாதையாக வாசல் வரை வந்து வழியனுப்பினார். வேலை மட்டும் கொடுக்கவில்லை. அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பாண்டி பஜாரில் நடந்து வரும்போது கஸ்தூரி எந்தக் கடையையும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். எனக்கு அவளை அப்படிப் பார்த்துப் பழக்கமே இல்லை.

ஒவ்வொரு பார்ட்டியாகக் கழன்றுகொண்டார்கள். அதே சமயத்தில் அவள் உடம்பும் படுத்துவிட்டது. சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ். பரண் ஏற முடியாமல் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டோடு முடங்கினாள். இனி வேலை வராது என்று நான் முடிவு கட்டியிருந்தபோதுதான் அந்தப் புதுப் பார்ட்டி வந்தது.

அந்தப் பார்ட்டியை நாம் எல்லோரும் எவ்வளவு திட்டியிருப்போம். ரங்கநாதன் தெருவைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள், கடை எதுவும் குறிப்பிடாமல். போய் வந்து எழுதிக் கொடுத்தேன். கஸ்தூரி மறுநாளே கூப்பிட்டாள். "பார்ட்டிக்குப் பத்தல மேடம். பூக்காரம்மா எந்தப் பக்கம் உக்காந்துகினு கீதுன்னு இல்ல. ஸ்டேஷன் படியாண்ட இன்னா வாசன வருதுன்னு இல்ல. கூட்டத்துல உன்ன யாராவது இடிச்சாங்களா இல்லியா?" என்றாள். திரும்பப் போனேன். கோபாலபுரத்தில் ஒரு தெரு. அங்கே சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று விடும் நேரத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தால், ஐஸ்காரர் எந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தினார் என்று கேள்வி வந்தது. எதற்காக இதெல்லாம், என்ன வியாபாரம், எந்த வலைத்தளத்தில் வரும், ஒன்றும் தெரியாது. ஆனால் பஸ் காசு முன்னால் வரும், மீதி அன்றே வரும். "இந்தப் பார்ட்டி என் பிராணனை வாங்கறது கஸ்தூரி" என்று ஒரு நாள் நொந்துகொண்டேன். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "அது அப்டித்தான் மேடம். கொஞ்சம் பொறுத்துக்க" என்றாள்.

லஸ்ஸிலிருந்து ஆட்டோ பிடித்து நேரே மாம்பலம் போனேன். ஜெராக்ஸ் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தெருவை மறித்துச் சாமியானா போட்டு, சிவப்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவளை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கண்ணாடி மேல் ஆவி படர்ந்து முகம் சரியாகத் தெரியவில்லை. ஏழுமலை துண்டால் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. துடைத்த இடத்தில் அவள் மூக்குத்தி தெரிந்ததும் வந்தது.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தயங்கித் தயங்கி, "நீங்கதான் பல்லு மேடமா?" என்று கேட்டார். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு தம்பி எழுந்து வந்து, "சார் லிஃப்ட்டா? நான் பட்டு" என்றான். இப்படி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு சேர்ந்தோம். இத்தனை வருஷமாக ஒரே இடத்தில் கூலி வாங்கியவர்கள் அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நடுவில் இருந்து அறிமுகம் செய்துவைக்க வேண்டியவள் உள்ளே படுத்திருந்தாள்.

தெருமுனை பிளெக்ஸ் கடைக்காரர் பேனருக்கான வாசகத்தை ஏழுமலையின் போனுக்கு அனுப்பியிருந்தார். ஏழுமலை எங்களிடம் காட்டினார். 'ஆறாத் துயரில் எங்களை ஆழ்த்திவிட்டு' என்று ஆரம்பித்தது. பட்டு எட்டிப் பார்த்துவிட்டு, "இதே வரி பக்கத்துத் தெரு பேனர்ல இருக்கு மேடம். வர்ற வழில படிச்சேன்" என்றான். காப்பியடித்த வரியை அவள் தலைக்கு மேல் மாட்டுவதா என்று எங்களுக்குத் தாங்கவில்லை. லிஃப்ட் சார் பேனாவை எடுத்தார். துக்கத்துக்கு வந்த நாலைந்து பேர் தலையை ஒன்றாக முட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதினோம், அடித்தோம், திரும்ப எழுதினோம். கடைசியில் அவள் பெயரும், 'போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னவள்' என்ற ஒரு வரியும்தான் மிஞ்சியது. பிளெக்ஸ்காரர் இவ்வளவுதானா என்று இரண்டு தடவை கேட்டார்.

அப்போதுதான் லிஃப்ட் சாருக்கு அந்த யோசனை வந்தது. "தெருத்தெருவாப் போய்ப் பார்த்து எழுதச் சொன்ன அந்தப் பார்ட்டிக்குத் தகவல் சொல்ல வேண்டாமோ? எனக்குக் கடைசி வரைக்கும் வேலை குடுத்திண்டிருந்தவர் ஆச்சே" என்றார். உங்களுக்குமா அதே பார்ட்டி என்று நான் கேட்டேன். அவரைப் பாண்டி பஜார் நடைபாதைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பட்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய், சோளம் சுடுகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். நாங்கள் எழுதிய எந்தப் பக்கமும் எந்த வலைத்தளத்திலும் வந்ததாக யாருக்கும் தெரியவில்லை. ஏழுமலையைக் கூப்பிட்டு அந்தப் பார்ட்டியின் எண்ணைக் கேட்டோம்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். "பார்ட்டி அவதாம்மா" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "வூட்ட வுட்டு எறங்க முடியல அவளால. ஆஸ்பத்திரி போய்ட்டு ஆட்டோல வரும்போதுகூட மயக்கத்துல கண்ண மூடிக்கினேதான் வருவா. ஊரு சுத்தனவ மேடம் அவ. நாலு செவுத்துக்குள்ள எப்டி இருப்பா? நீங்கள்லாம் எழுதி அனுப்சத என்னப் படிக்கச் சொல்வா. நான் தப்புத் தப்பாப் படிப்பேன், திட்டுவா. ரங்கநாதன் தெருவ மட்டும் எத்தினி வாட்டி படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது."

பட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சும்மா கேட்டிருந்தாலே போய்ப் பாத்துட்டு வந்து சொல்லியிருப்போமே அண்ணா. எங்களுக்குப் போய்க் காசு குடுத்து..." என்று இழுத்தான்.

"நானும் அதான் சொன்னேன்" என்றார் ஏழுமலை. "அதுக்கு அவ, சும்மா கேட்டா பாவம்னு போவாங்க, வந்து பொதுவா எதனா சொல்லிட்டுப் பூடுவாங்க. காசு குடுத்தாத்தான் ஒயுங்கா பாப்பாங்கன்னா."

எனக்குத் துக்கத்தைவிட முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை பேரில் ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சொன்னது சரி என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது. நோயாளிக்காகப் போயிருந்தால் ரங்கநாதன் தெருவுக்கு நான் இரண்டாம் முறை போயிருக்க மாட்டேன். பூக்காரம்மா உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டேன். அவளுக்கு அனுதாபம் வேண்டியிருக்கவில்லை. ஒரு பார்ட்டிக்கு உண்டான உரிமையோடு, பிடிக்கவில்லை, திரும்ப எழுது என்று சொல்ல வேண்டியிருந்தது. அவளைத்தான் பிராணனை வாங்குகிற பார்ட்டி என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். அதற்குத்தான் அப்படிச் சிரித்திருக்கிறாள்.

கடைசியாக எனக்குக் கொடுத்த இடத்தைப் பற்றி ஏழுமலையிடம் கேட்டேன். "அவங்க வூடு இருந்த எடம் மேடம். அந்தப் பம்பு அவங்க வாசல்லதான். இவ காலேஜ் போய்க்கினு இருந்தப்ப குடிசைங்கள இடிச்சி எல்லாரையும் ஊருக்கு வெளிய அனுப்சாங்க. அதுக்கப்பறம் அவ அந்தப் பக்கம் எறங்கிப் போனதே இல்ல. பாலத்து மேல போனாக்கூட அந்தாண்ட பாக்க மாட்டா" என்றார். மற்ற இடங்களை எல்லாம் எங்களை அனுப்பிப் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் அதைக் கேட்டிருக்கிறாள். நான் ஒரு பஸ் முன்னால் ஏறியிருந்தாலும் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்க முடியாது என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன். அது உண்மைதான். ஆனாலும் அந்த நினைப்பு என்னை விடுவதாக இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் காலை லஸ்ஸில் அதே இடத்தில் நின்று பஸ் ஏறினேன். கண்டக்டர் காசு வாங்காமல் டிக்கெட் கொடுத்தார். பாலத்தருகில் இறங்கி, அவள் சொன்ன வழியில் ஆற்றைப் பார்க்க நடந்தேன். குடிசை ஒன்றுகூட இல்லை. கம்பிவேலி போட்டு, வரிசையாகச் செடி நட்டிருக்கிறார்கள். சுவர் முடிகிற இடம் எது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "பம்பா? அது எப்பவோ பூட்ச்சு. மேடை மட்டும் கீது. தோ, நாய் படுத்துக்கினு கீது பாரு, அதான்" என்று கத்தியை நீட்டிக் காட்டினார்.

நாயை எழுப்பாமல் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஓடுவதே தெரியவில்லை. கரையோரச் சேற்றில் கொக்குகள் நின்றன. அவ்வளவு தாழ்வான இடத்திலிருந்து பார்த்தால் பாலத்தின் கைப்பிடிச் சுவர் பாதியை மறைத்துவிடுகிறது. பஸ்களின் ஜன்னல்கள் மட்டும் போகின்றன, சக்கரம் தெரிவதில்லை. பைக்கில் போகிறவர்களின் தலை மட்டும் போகிறது. ஒரு சின்னப் பெண் இந்த மேடையில் குடத்தை வைத்துக்கொண்டு இதைத்தான் தினமும் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை எழுதவில்லை. பார்த்ததை மட்டும் ஒரு பக்கம் எழுதினேன். பம்பு இல்லை, மேடை இருக்கிறது என்று ஆரம்பித்தேன். வழக்கம்போல அவள் எண்ணுக்கே அனுப்பினேன்.

அன்று மாலையே மீதிக் காசு வந்தது. ஏழுமலை அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்ப விரல் போயிற்று. அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவளிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும். முன்னால் வந்த பஸ் காசும் அப்படியே இருக்கிறது. பஸ்ஸுக்கு அது செலவாகவில்லை. அவள் அதைப் பஸ்ஸுக்காகக் கொடுக்கவும் இல்லை. கஸ்தூரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். உங்களிடமும் கொஞ்சம் இருக்கும். யாராவது நம்மிடம் ஒரு பக்கம் கேட்டால், முதலில் எழுந்து போவோம்.

மறுநாள் ஏழுமலையிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. "மேடம், போட்டோ முன்னாடி உக்காந்து படிச்சேன். நல்லாகீது. அந்த நாயி இன்னா கலருன்னு எழுதல நீங்க. அவ இருந்தா கேட்டிருப்பா."

செவலை. இடது காது மட்டும் கறுப்பு. உடனே எழுதி அனுப்பினேன்.